வாழ்வில் தாளமும் லயமும்

இறைவன் இசை வடிவானவன் என்பது சைவ மக்களின் நம்பிக்கை. ஆடல்வல்லானின் திருக்கரத்தில் விளங்கும் உடுக்கை படைத்தல் தொழிலைக் குறிக்கும் என்று சைவ சித்தாந்த நூல்கள் எடுத்துரைக்கின்றன. உலகத்தின் தோற்றமே ஒரு தாள ஒலியுடன் தொடங்கியது என்பது இதனால் பெறப்படும் கருத்தாகும். நாள்தோறும் ஆலயத்தில் மணியும் மேளமும் ஒலிக்கக் கேட்கும் அடியார்கள், அந்தத் தாளம் கோயில் வீதியோடு நின்றுவிடாமல் தம்முடைய வீட்டு முற்றத்துக்கும் அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் கூடவே வருகின்றது என்பதை நினைத்துப் பார்ப்பது குறைவு. அதனைச் சிறிது விளங்கிக்கொள்ள முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாளம் என்பது யாது?

கர்நாடக இசையில் துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என ஏழு தாளங்கள் உண்டு. இவை ஒவ்வொன்றும் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்ற ஐந்து ஜாதிகளால் விரிந்து 35 தாளங்களாகும். இவற்றையெல்லாம் மனனம் செய்ய வேண்டும் என்று எவரும் அஞ்சத் தேவையில்லை. மிகவும் பழக்கமான ஆதி தாளம் ஒன்றை விளங்கிக்கொண்டால் போதுமானது. சதுஸ்ர ஜாதித் திரிபுடை தாளம் என்று நூல்களில் சொல்லப்படுவதும் இதுவே.

வாசகர்கள் இந்த மலரைச் சற்று மடியில் வைத்துவிட்டு, வலக் கையால் தொடையில் போட்டுப் பார்க்கலாம். முதலில் ஒரு தட்டு. பின்னர் சின்ன விரல், மோதிர விரல், நடுவிரல் என மூன்று விரல் எண்ணிக்கை. இந்த நான்கும் சேர்ந்தது லகு. அடுத்து ஒரு தட்டு, ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. இவை இரண்டும் திருதம் எனப்படும். ஆக மொத்தம் எட்டு எண்ணிக்கை. இதனை ஓர் ஆவர்த்தனம் என்பர்.

இதிலே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எட்டு எண்ணிக்கையில் கை தட்டி ஓசை எழுவது முதலாம், ஐந்தாம், ஏழாம் இடங்களில் மட்டுமே. மற்றைய ஐந்து இடங்களிலும் விரல் மெல்லத் தொடுகிறது, அல்லது கை வெறுமனே திரும்புகிறது. ஓசை இல்லாத அந்த ஐந்து இடங்களையும் விட்டுவிட்டுத் தட்டு மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டால் அது தாளமாகாது, வெறும் சத்தமாகவே இருக்கும். சும்மா இருக்கும் இடத்தையும் கணக்கில் எடுத்து, அதற்குரிய காலத்தை அதற்குக் கொடுப்பதே தாளம். இசைப் பயிற்சியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் தவறுவதும் பெரும்பாலும் இந்த இடத்திலேதான். தட்டை மறக்க மாட்டார்கள். வீச்சை விழுங்கிவிடுவார்கள். பெரியவர்களும் தங்கள் வீடுகளில் இதையே செய்கிறார்கள் என்பது பின்னர் விளங்கும்.

தாளம் கையால் போடப்படுவது. லயம் என்பது உள்ளே ஓடுவது. லயம் என்ற சொல்லுக்கு ஒன்றிப் போதல், ஒடுங்குதல் என்ற பொருளும் உண்டு. கை நின்ற பின்பும் மனத்துக்குள்ளே எண்ணிக்கை தப்பாமல் ஓடுமாயின் அவரை லயம் உள்ளவர் என்பர்.

காலப்பிரமாணம்

லயத்தை விரைவு என்று பிழையாகக் கொள்வோர் பலர். விளம்பம், மத்திமம், துரிதம் என மூன்று நடைகள் உள்ளன. எந்த நடையிலும் லயம் இருக்கலாம், கெடவும் செய்யலாம். எடுத்துக்கொண்ட நடையை நடுவிலே ஓட்டாமலும் இழுக்காமலும் கொண்டு செல்வதையே காலப்பிரமாணம் காத்தல் என்பர். விரைவாக வாசிப்பவரை எல்லோரும் கைதட்டிப் பாராட்டுவதுண்டு. ஆனால் விளம்ப காலத்திலே நிலை தவறாமல் வாசிப்பதுதான் மிகவும் கடினம் என்று தவில் வித்துவான்கள் சொல்வார்கள். ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையிலே வெளி கூடக் கூட, பொறுமையற்ற கை முந்தி விழுந்துவிடும்.

காலப்பிரமாணம் என்றால் என்ன என்பதை வட பகுதி மக்கள் சங்கீதம் படிக்காமலே அறிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் கிடைப்பதும் அருமை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். இரவிலே பி.பி.சி. தமிழோசையைக் கேட்க அயலட்டைச் சனம் ஒரு முற்றத்தில் கூடும். ஒருவர் சுற்றுவார், மற்றவர்கள் காது கொடுப்பார்கள். சுற்றுபவர் களைத்து மெதுவாக்கினால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கிப் போகும். செய்தியின் பதற்றத்தில் வேகமாகச் சுற்றினால் இரைச்சல் எழும். யாருடைய ஊரில் என்ன நடந்தது என்று அறியத் துடிக்கும் அத்தனை பேருக்காகவும் ஒருவர் தம்முடைய பதற்றத்தை அடக்கி ஒரே சீராகச் சுற்ற வேண்டியிருந்தது. பெரும்பாலும் அந்த வேலை வீட்டிலே பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கே வாய்த்தது. செய்தியை முழுமையாகக் கேட்காதவரும் அந்தப் பிள்ளையாகவே இருக்கும், ஏனெனில் அதன் கவனம் முழுவதும் கையிலே இருந்தது.

தாளம் பிடிப்பவர்

திருவிழாக் காலத்து மேளக் கச்சேரியைக் கேட்போர் கண்கள் நாதஸ்வரத்தையும் தவிலையுமே நாடும். பக்கத்திலே ஒருவர் சிறிய கைத்தாளத்தை வைத்துக்கொண்டு ஒரே மாதிரிப் போட்டுக்கொண்டிருப்பார். அவரைப் படம் பிடிப்பவர் இல்லை. தவில்காரர் மிஸ்ரத்துக்குள் புகுந்து, கண்டத்தால் வெளிவந்து, கணக்குக்கு மேல் கணக்காக அடுக்கிச் செல்கையில் சபை வாய் பிளந்து நிற்கும். இணுவிலில் 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி அவர்களின் கணக்குகளைப் பற்றி ஈழத்திலும் தமிழகத்திலும் இன்றும் வியந்து பேசுகின்றனர். அத்தகைய மேதைகள் எவ்வளவு தூரம் சென்றாலும் திரும்பி வந்து சேருவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை அசையாமல் வைத்திருப்பவர் தாளம் போடுபவரே. தவிலின் வேகத்தில் அவரும் இழுபட்டு ஓடினால் தவில்காரருக்குத் திரும்ப வீடு இல்லை.

ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பொழுது படும் வேளையில் விளக்கேற்றுபவர், மாட்டுக்கு வைக்கோல் போடுபவர், பிள்ளை எந்த நேரம் ரியூசனால் வந்தாலும் சோற்றுக் கோப்பையை மூடி வைத்திருப்பவர். நாள்தோறும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்வதால் அவர் கண்ணில் படுவதில்லை. அவர் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தால்தான் வீட்டின் தாளம் யார் கையில் இருந்தது என்பது தெரியவரும். பெரும்பாலும் தாயார். சில வீடுகளில் பேத்தியார். ஆண்கள் அரிதே என்று சொன்னால் எவரும் கோபிக்கக் கூடாது.

ஊருக்கும் இது பொருந்தும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்திலே பூசைகளும் சுவாமி எழுந்தருளலும் குறித்த நேரம் தவறாமல் நடைபெறுவதை அறியாதவர் இல்லை. எவ்வளவு பெரியவர் வருவதாக இருந்தாலும் மணி அவருக்காகக் காத்திருப்பதில்லை. இதனால் தேர் நாளிலே பல்லாயிரம் சனம் முட்டி மோதாமல் தத்தம் நேரத்துக்கு வந்து நிற்கிறது. கிராமக் கோயில்களிலே ‘உபயகாரர் இன்னும் வரவில்லை’ என்று பூசையை முக்கால் மணித்தியாலம் பிந்தவிடுவதுண்டு. ஒருவருக்கு மரியாதை செய்வதாக எண்ணி, பால்குடிப் பிள்ளையுடன் காத்திருக்கும் தாய்மாரையும் கால் கடுக்க நிற்கும் முதியவர்களையும் மறந்துவிடுகிறோம் என்பதைப் பரிபாலன சபைகள் சிந்தித்தல் நன்று.

நேரத்தைக் காப்பது எவ்வளவு ஆறுதல் என்பதைப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோரிடம் கேட்டறியலாம். கனடாவின் ரொறன்ரோ நகரில் இருக்கும் மகன் ஒருவன் ஞாயிறு இரவு 8.30க்குத் தாயாருக்குத் தொலைபேசி எடுப்பான் என்று வைத்துக்கொள்வோம். கோடை காலத்தில் அங்கும் இங்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். ஆகவே இங்கே திங்கட்கிழமை காலை 6 மணிக்குத் தொலைபேசி அடிக்கும். நவம்பரிலே அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே திருப்புவார்கள். வித்தியாசம் பத்தரை மணித்தியாலமாகிவிடும். மகன் அதே 8.30க்குத்தான் எடுப்பான். இங்கே அது காலை 7 மணி. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாயார் மகனுக்கு என்னென்னவோ நடந்ததாக நினைத்து, சுவாமி அறைக்கும் தொலைபேசிக்கும் இடையே நடந்து தீர்த்துவிடுவார். முதல் கிழமையே ‘அம்மா, வாற கிழமை தொடக்கம் ஏழு மணிக்குத்தான் எடுப்பன்’ என்று ஒரு சொல் சொல்லி வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

பொற்றாளம் பெற்ற பிள்ளை

சீகாழியிலே உமையம்மையாரிடம் ஞானப்பால் உண்ட திருஞானசம்பந்தப் பிள்ளையார், அடுத்துத் திருக்கோலக்கா என்னும் தலத்தை அடைந்து, தம் பிஞ்சுக் கைகளால் தாளமிட்டுப் பாடினார். அக்கைகள் நோகுமே என்று இரங்கிய இறைவன் பொற்றாளம் அருளினார் என்பது பெரியபுராண வரலாறு. பொன்னிலே வார்த்த தாளம் நன்றாக ஒலிக்காது. ஆகவே அம்பிகை அதற்கு ஓசை கொடுத்தாள் என்பது அத்தலத்து ஐதீகம். இன்றும் அங்கே அம்பாளின் திருநாமம் ஓசை கொடுத்த நாயகி என்பதாகும்.

இவ்வரலாற்றைப் பிரசங்கங்களிலே கேட்டுச் செல்வோர் அதன் நுட்பத்தையும் நோக்க வேண்டும். இறைவன் கொடுத்தது விலையுயர்ந்த பொருள். அது ஒலிக்க வேண்டுமாயின் தாயின் கருணை வேண்டியிருந்தது. வீடுகளிலும் பொன்னாக வாங்கிக் குவித்துவிட்டு ‘இன்னும் என்ன குறை’ என்று கேட்கும் தந்தையர் உள்ளனர். பிள்ளைக்குக் கை நோகின்றது என்பதைக் கவனித்ததே முதல் அருள். பொன் அதற்குப் பிறகு வந்தது.

சம்பந்தருடன் யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. அவருடைய யாழினாலேயே பதிகங்கள் சிறப்படைகின்றன என்று உறவினர் பெருமை பேசினர். பாணர் அதைக் கேட்டு மகிழவில்லை, நடுங்கினார். யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று தாமே சம்பந்தரை வேண்டினார். தருமபுரத்திலே அவ்வாறு பாடப்பட, வாசித்துப் பார்த்து இயலாமல், யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதைத் தடுத்து வாங்கி, இக்கருவியில் அடங்கும் அளவுக்கு வாசித்து உடன் வருக என்று மீண்டும் அவர் கையிலேயே கொடுத்தார். கூட வாசிப்பவருக்கு எட்டாத இடம் வரும்போது அவரைக் கைவிடாமல், எட்டிய அளவோடு சேர்த்துக்கொண்டு போவதும் லயத்தின் பாற்பட்டதே. நடை தளர்ந்த கணவனை வீதியிலே பத்து முழம் பின்னே விட்டு விறுவிறு என்று நடக்கும் மனைவிமாரும், அதையே முப்பது வருடம் முன்பு செய்த கணவன்மாரும் இதனைப் படிப்பார்களாக.

எடுப்பு

தாளத்தில் பாட்டைத் தொடங்கும் இடம் எடுப்பு எனப்படும். தாளத்துடன் சேர்ந்து தொடங்குவது சமம். தாளம் தொடங்குமுன் பாட்டுத் தொடங்கினால் அது அதீதம். தாளம் தொடங்கிச் சற்றுப் பொறுத்துப் பாட்டுத் தொடங்கினால் அநாகதம். மூன்றும் சரியானவையே. எந்தப் பாட்டுக்கு எந்த எடுப்பு என்று அறியாமல் வாய் திறப்பதே பிழை.

எடுப்பின் அருமையைத் திருமண வீட்டிலே காணலாம். மாங்கலியதாரணத்தின்போது குருக்கள் கையசைத்தவுடன் கெட்டிமேளம் எழ வேண்டும். தவில்காரர் அதுவரை மாப்பிள்ளையையோ பொம்பிளையையோ பார்ப்பதில்லை. குருக்களின் கையிலேயே கண். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். இத்தனை கவனம் எடுத்துக் கட்டிய தாலிக்குப் பிறகு, கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசும் எடுப்பை எவரும் கவனிப்பதில்லை.

2009இல் ஆய்வாளர் சிலர் உலகின் பல பாகங்களிலும் பேசப்படும் 10 மொழிகளை எடுத்து, ஒருவர் வினாவி முடித்ததற்கும் மற்றவர் விடை தொடங்குவதற்கும் இடையிலுள்ள வெளியை அளந்தனர். சராசரியாக ஒரு செக்கனின் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருந்தது. மொழிக்கு மொழி சிறு வேறுபாடு இருந்தாலும் அடிப்படை ஒன்றே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பேச்சிலே இவ்வளவு நுண்ணிய தாளத்தைக் கைக்கொள்கிறார் என்பது வியப்புக்குரியது. ஆகையால்தான் மனைவி ஏதோ கேட்டு, கணவன் ‘ம்’ என்று சொல்ல இரண்டு செக்கன் பிந்தினால், அவளுக்கு மறுமொழி வருமுன்பே மனம் விளங்கிவிடுகிறது.

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவு வந்த நாளில், படலையைத் திறந்து உள்ளே வரும் பிள்ளையிடம் தந்தையார் கேட்கும் முதல் வினா எதுவாக இருக்க வேண்டும்? ‘எத்தினை ஏ?’ என்று படலையிலேயே கேட்டுவிடுபவர்கள் உண்டு. கேள்வி பிழையல்ல. எடுப்புப் பிழை. பிள்ளை சைக்கிளை நிறுத்தி, முகம் கழுவி, ஒரு வாய் தேத்தண்ணி குடித்த பிறகு, அநாகதமாக எடுத்திருந்தால், முடிவு எதுவானாலும் பிள்ளை தானாகச் சொல்லியிருக்கும். படலையில் கேட்ட ஒரே கேள்வியால் பல வருடம் தந்தையுடன் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளைகளும் உள்ளனர்.

செத்தவீட்டுக்குப் போகும் பழைய ஆட்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். போனவுடன் ‘எப்பிடி நடந்தது, எத்தினை மணிக்கு’ என்று விசாரிக்க மாட்டார்கள். பாயிலே ஒரு கரையில் இருப்பார்கள். வெற்றிலைத் தட்டம் வரும், போகும். வீட்டுக்காரரே வாய் திறக்கும்வரை இருப்பார்கள். அவர் திறக்காவிட்டால், கையைப் பிடித்துவிட்டு எழும்பிப் போவார்கள். அது வீச்சு. ஓசை இல்லாத இடம். ஆனால் எண்ணிக்கையிலே உள்ள இடம்.

இயந்திர மேளம்

இப்போது பல ஆலயங்களில் மணியும் முரசும் சேர்ந்த மின்சார இயந்திரம் வந்துவிட்டது. மேளகாரர் கிடைக்காத நாளிலே அது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை. கணக்கிலும் அது தவறுவதில்லை. எனினும் திரை விலகுவதற்கு ஒரு கணம் பிந்தினால் அதற்குத் தெரியாது. பஞ்சாரத்தி உயரும்போது தவில்காரர் அதைக் கண்டு நடையை ஏற்றுவார். கர்ப்பூரம் அணையும்போது இறக்குவார். சுவாமி வாசலைக் கடந்து வெளியே எழுந்தருளும் வேளையிலே மல்லாரி வாசிக்கும் வித்துவான், காவுகின்றவர்களின் காலைப் பார்த்து வாசிப்பார். இயந்திரத்துக்குத் தாளம் உண்டு, காது இல்லை. இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? மனிதரும் சிலவேளை அப்படித்தான். நேரந் தவறாமல் எல்லாக் கடமையும் செய்வார்கள், எதிரே இருப்பவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்க்க மாட்டார்கள்.

துலா மிதித்த காலம்

தொழிலும் தாளமும் பிரிக்க முடியாதிருந்த காலம் ஒன்று இருந்தது. ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி மா இடிப்பார்கள். ஒருவர் உலக்கை ஏறும்போது மற்றவர் உலக்கை இறங்கும். அவர்கள் ஊர்க்கதை கதைத்துக்கொண்டே இடிப்பார்கள், உலக்கை முட்டாது. மாமியும் மருமகளும் கோபமாக இருக்கும் நாளில் முட்டும் என்று பகிடியாகச் சொல்வார்கள்.

செம்மண் தோட்டங்களிலே துலா இறைப்பு இதனினும் நுட்பமானது. துலாவிலே ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுக் கட்டிலே நின்று ஒருவர் பட்டை பிடிப்பார். பயிருக்குள்ளே ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியற்புறம் இருட்டோடு தொடங்கும் வேலை. பட்டை தண்ணீரில் அமிழ்ந்து நிரம்பும் அந்தக் கணம்வரை மிதிப்பவர் பொறுக்க வேண்டும். முந்தித் திரும்பினால் அரைப் பட்டை. பட்டை பிடிப்பவர் சரித்து முடிக்குமுன் மிதிப்பவர் நடந்தால் கயிறு இழுத்துக் கிணற்றுக்குள்ளே விழவும் கூடும். உயிர் மற்றவரின் காலடியில் இருந்தது. இருவரும் பாட்டாலே எண்ணிக்கை வைத்துக்கொண்டனர்.

ஹொலண்ட் நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ் என்பவர் 1665இல் நோயுற்றுப் படுக்கையில் இருந்தபோது, ஒரே மரத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். அவற்றை வேண்டுமென்றே குழப்பிவிட்டாலும் அரை மணித்தியாலத்துக்குள் மீண்டும் ஒரே கதிக்கு வந்து, ஒன்று இடம் போக மற்றது வலம் போக ஆடின. இரண்டையும் தாங்கிய மரத்தின் கண்ணுக்குத் தெரியாத அசைவே ஒன்றின் ஆட்டத்தை மற்றதற்குச் சொல்லியது. மரத்தை விட்டுப் பிரித்துத் தூர வைத்தபோது ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஓடின. துலா என்பதும் அப்படி ஒரு மரமே.

வலிகாமப் பக்கத்துத் தோட்டக் கிராமம் ஒன்றிலே தமையன் மிதிக்க, தம்பி பட்டை பிடிக்க வளர்ந்த சகோதரர் இருவர் இருந்தனர். தகப்பனார் காணியைப் பிரித்துக் கொடுத்தபோது கிணற்றை மட்டும் பிரிக்க முடியாமல், உறுதியிலே கிணற்றிலும் வாய்க்காலிலும் ஆளுக்குச் சரிபாதிப் பங்கு என்று எழுதுவித்தார். அந்நாளில் உறுதிகளில் அது வழக்கமான வாசகம். பிறகு இறைப்பு மிசின் வந்தது. துலாவைக் கழற்றி ஆடுகாலை வெட்டினார்கள். ஒருவர் இறைக்க மற்றவர் தேவையில்லை என்றாயிற்று. நாள் மாறி நாள் முறை வைத்துக்கொண்டனர்.

ஒரு கோடையிலே தமையன் தன் முறையன்று மிசின் பழுதாகி, அரை மணித்தியாலம் பிந்தி முடித்தார். கிணறு வற்றிப் போயிருந்தது. தம்பியின் வெங்காயம் அன்று வாடியது. ‘உன்ரை மிசின் பிழைச்சதுக்கு என்ரை பயிரோ சாகிறது’ என்று தொடங்கிய பேச்சு, வேலிக் கதியாலுக்கும் தாயின் நகைக்கும் போய், வழக்காக முடிந்தது. இருவரும் பதினொரு வருடம் கதைக்கவில்லை. ஒருவர் கதைக்க நினைத்த நாளில் மற்றவர் முகத்தைத் திருப்பினார். மற்றவர் நினைத்த நாளில் இவருக்கு வீம்பு. தாயாரின் அந்தியேட்டியில்கூட ஒரே பந்தலின் இரு கரைகளில் நின்று கிரியை முடித்தார்கள். தாயார் உயிரோடு இருக்கையில் இருவரையும் ஒன்றாக இருத்திச் சோறு போட வேண்டும் என்று பலமுறை கேட்டிருந்தார். அது நடக்கவில்லை.

அந்தக் கோயிலிலே சுவாமி காவுவதற்கு உயரத்தை அளந்து ஆட்களை நிறுத்துவது வழக்கம். உயரம் ஒவ்வாதவர்கள் ஒரே தண்டில் நின்றால் பாரம் ஒருவர் தோளில் விழும். ஒரு பூங்காவனத் திருவிழா இரவு, வழக்கமாக நிற்கும் ஒருவர் வராததால், ஆட்களை நிறுத்தியவர் இருட்டிலே உயரத்தை மட்டும் பார்த்துச் சகோதரர் இருவரையும் முன்னும் பின்னுமாக ஒரே தண்டில் விட்டுவிட்டார். யோசித்துச் செய்த வேலை அல்ல. சுவாமி தோளில் ஏறிய பிறகு இறங்கவும் முடியாது.

வடக்கு வீதி மூலையிலே வாகனம் ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. முன்னே நின்ற தமையனுக்கு முழங்கால் நோ. கால் மாறிவிட்டது. தவில்காரர் அதைக் கண்டு நடையை இழுத்துப் போட்டார். பின்னாலிருந்து தம்பி சொன்னார்:

‘அண்ணை, கால் மாறுது. வலக்காலை வையுங்கோ. நான் எண்ணுறன்.’

தமையன் திரும்பிப் பார்க்கவில்லை. வலக்காலை வைத்தார். தம்பி எண்ணத் தொடங்கினார். அது துலா மிதிக்கையில் இருவரும் வைத்துக்கொண்ட எண்ணிக்கை என்பது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது. சுவாமி கிழக்கு வீதிக்குத் திரும்பி வாசலுக்கு வரும்வரை அவர் எண்ணிக்கொண்டே வந்தார்.

வழக்கு அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் இழுபட்டது. கிணற்று முறை மட்டும் அடுத்த கிழமையே திருந்தியது. தமையன் இறைத்து முடிந்ததும் மிசினை நிறுத்திவிட்டு, வேலியடியில் நின்று ஒருமுறை செருமுவார். தம்பி வந்து குழாயை மாற்றுவார்.